ஒரு பென்சில் நுழையுமா?

ஐப்பசி பிறந்தால் புதுக்கோட்டைப் பக்கம் வானம் கறுக்கும். வடகிழக்குப் பருவ மழை இறங்கும். கண்மாய்கள் நிறையும். உழவர்களுக்குக் கொண்டாட்டம்.

துணி துவைக்கும் தாய்மாருக்கு மட்டும் அந்த மழையில் ஒரு கவலை உண்டு. காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக் கொண்டு சைக்கிளில் பள்ளிக்கூடம் போன பையன் மாலையில் திரும்பி வருகிறான். முன் பக்கம் பார்த்தால் ஒன்றும் இல்லை. முதுகைத் திருப்பினால், இடுப்பிலிருந்து பிடரி வரை செக்கச் சிவந்த ஒரு கோடு!

"ஏண்டா, சேத்துல விழுந்தியா?"

"இல்லம்மா. ரோட்டுலதான் வந்தேன்."

பையன் பொய் சொல்லவில்லை. அவன் சைக்கிளில் மட்கார்டு இல்லை. அவ்வளவுதான்!

செம்மண் கறை லேசில் போகாது. சோப்புக் கட்டி கரையும், கறை கரையாது. ஆகவே "மட்கார்டு மாட்டித் தாருங்கள்" என்று சைக்கிள் கடைக்குப் போனால், கடைக்காரர் சக்கரத்தைப் பார்த்து விட்டு உதட்டைப் பிதுக்குகிறார். "இதுல இடமே இல்லையேம்மா! எங்கே நுழைக்கிறது?"

இடம் இல்லை என்பது உண்மையா? பாதி உண்மை. மீதிப் பாதி, வேலை தெரிந்தவர்களுக்குக் கைவசப்படும்.

தண்ணீர் மேலே ஏறுவது எப்படி?

கீழே கிடக்கிற தண்ணீர் முதுகுக்கு எப்படி வந்தது? சக்கரம்தான் தூக்கி வந்தது.

சைக்கிள் மணிக்கு 15 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். டயர் தரையைத் தொடுகிறதே, அந்த இடம் அந்த நொடியில் அசையாமல் நிற்கிறது! டயரின் உச்சியோ மணிக்கு 30 கிலோ மீட்டர் வேகத்தில் முன்னால் பாய்கிறது. உருளுகிற எல்லாச் சக்கரங்களுக்கும் இதுதான் கணக்கு. தரையில் ஒட்டிய தண்ணீர் டயரோடு மேலே ஏறுகிறது. பிடி விட்டதும் கவண் கல்லைப் போலப் பறக்கிறது.

பின் சக்கரத்துத் தண்ணீர் வளைந்து வந்து முதுகில் விழும். முன் சக்கரத்தின் கதை வேறு. அதன் உச்சியிலிருந்து பறக்கும் தண்ணீர் முன்னால் போகிறது. ஓட்டுகிறவர் அதற்குள்ளேயே போய் முகத்தைக் கொடுக்கிறார். அதன் கீழ்ப் பக்கத்திலிருந்து தெறிப்பது பாதத்திலும் செயினிலும் அடிக்கிறது. அந்தத் தண்ணீரில் மணலும் இருக்கிறது. எண்ணெய் போட்ட செயினில் மணல் ஏறினால் அரம் போட்டு ராவியது போலத்தான். பல் சக்கரமும் தேயும், செயினும் தேயும். சட்டைக் கறைக்குச் செலவு சோப்பு. செயினுக்குச் செலவு அதைவிட அதிகம்.

ஊரே சைக்கிள் கற்ற கதை

சைக்கிளைப் பற்றிப் பேசும்போது புதுக்கோட்டையைத் தாண்டிப் போக முடியாது. 1991-ஆம் ஆண்டு இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த இயக்கம் அது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் யோசனை. சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார்.

அப்புறம் என்ன! கல் உடைக்கும் பெண்கள், கூலி வேலைக்குப் போகும் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் எல்லாரும் சைக்கிளில் ஏறினார்கள். கேலி பேசியவர்களும் உண்டு. அவர்கள் பேசிக் கொண்டே இருந்தார்கள். இவர்கள் ஓட்டிக் கொண்டே போனார்கள். 1992-ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று, கைப்பிடியில் கொடி கட்டிக் கொண்டு, மணி அடித்துக் கொண்டு, 1,500 பெண்களுக்கு மேல் புதுக்கோட்டை நகரில் சைக்கிளில் வந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். அந்தக் கட்டுரை பிறகு எட்டாம் வகுப்பு இந்திப் பாடப் புத்தகத்திலும் இடம் பெற்றது. வட நாட்டுப் பிள்ளைகள் புதுக்கோட்டையின் பெயரைப் படித்தது இப்படித்தான்!

அந்தப் பெண்களுக்கு லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. ஆண்கள் ஓட்டும் பெரிய சைக்கிளையே ஓட்டினார்கள். அதுவே மேல் என்றும் சிலர் சொன்னார்கள். ஏன்? சீட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவே குறுக்குக் கம்பி இருக்கிறதே, அதில் பிள்ளையை உட்கார வைக்கலாம்! பின்னால் கேரியரில் குடம், காய்கறி மூட்டை.

அந்தப் பெரிய சைக்கிளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 28 அங்குலச் சக்கரம். ஒன்றரை அங்குல டயர். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கட்டை விரலை விட்டு எடுக்கலாம். சேறு ஒட்டினாலும் சக்கரம் சுற்றும். மட்கார்டும் இரும்பு, செயினுக்கும் கவர் உண்டு. சேலை கட்டிக் கொண்டு வேலைக்குப் போகிற பெண், போய்ச் சேர்ந்த இடத்தில் சேறில்லாமல் இறங்க முடிந்தது என்றால், அந்தத் தகடுகளுக்கும் அதில் பங்கு உண்டு. மண் ரோட்டுக்கென்று பிறந்த வண்டி அது.

பந்தயச் சைக்கிள் வந்தது

இப்போது கடையில் 'ரோடு பைக்' என்று ஒன்று விற்கிறார்கள். பந்தயச் சைக்கிளின் வாரிசு. வளைந்த கைப்பிடி, மெலிந்த டயர், தூக்கினால் பூப் போன்ற எடை. பையன்கள் அதைத்தான் கேட்கிறார்கள். பெண் பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

பந்தயக்காரருக்கு மட்கார்டு சுமை. ஆகவே அதில் மட்கார்டும் இல்லை. மட்கார்டு மாட்ட ஓட்டையும் பல வண்டிகளில் இல்லை. டயரின் அகலம் 23, 25 அல்லது 28 மில்லி மீட்டர். பெரிய சைக்கிள் டயரோ 38 மில்லி மீட்டர் வரும். பிரேக்கின் கைகளையும் குட்டையாக வைத்திருக்கிறார்கள். கை குட்டை என்றால் பிடி இறுக்கம், எடையும் குறைவு. ஆனால் அந்தப் பிரேக் டயரின் தலைமேலேயே வந்து உட்கார்ந்து கொள்கிறது. இடம் போனது அங்கேதான்!

டிஸ்க் பிரேக் வைத்த புதிய வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவு. பிரேக் சக்கரத்தின் நடுவுக்குப் போய் விட்டதால் டயருக்கு மேலே இடம் மிச்சம். பழைய வண்டியைக் கை மாற்றி வாங்கியவர்களுக்குத்தான் வில்லங்கம்.

பென்சில் சோதனை

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பள்ளிக்கூடப் பென்சில் ஒன்று போதும். அதன் தடிமன் ஏறத்தாழ 7 மில்லி மீட்டர்.

முதலில் டயரில் காற்றை முழுதாக அடியுங்கள். காற்றுக் குறைந்த டயர் உங்களை ஏமாற்றும். காற்று ஏறினால் டயர் பருக்கும். பிறகு மூன்று இடத்தில் பென்சிலை நுழைத்துப் பாருங்கள். முன் சக்கரத்துக்கு மேலே, ஃபோர்க்கின் இரண்டு கால்களும் சேரும் தோள் ஓர் இடம். பின் சக்கரத்துக்கு மேலே பிரேக் மாட்டியிருக்கும் இடம் இன்னொன்று. மூன்றாவது, பெடலுக்குச் சற்றுப் பின்னால், சட்டத்தின் குழாய்களும் டயரும் நெருங்கும் இடம். அநேகம் பேர் இந்த மூன்றாவது இடத்தை மறந்து விடுவார்கள். எல்லாம் மாட்டி முடித்து, சக்கரத்தைப் போடும்போதுதான் அது பல்லைக் காட்டும்.

பென்சிலை வைத்தபடியே சக்கரத்தை மெல்ல ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். ஓர் இடத்தில் உரசி, இன்னோர் இடத்தில் உரசாமல் இருந்தால் ரிம் வளைந்திருக்கிறது என்று பொருள். முதலில் பெண்டு எடுக்க வேண்டும். மட்கார்டு அப்புறம்.

இரண்டு பென்சில் அடுக்கி நுழைந்தால் கவலையே இல்லை. சாதாரண மட்கார்டு மாட்டலாம். ஒன்றுதான் நுழைகிறது என்றால், மெல்லிய பிளாஸ்டிக் மட்கார்டு மாட்டலாம். தகடு போக 5 மில்லி மீட்டர் மிஞ்சும். அதுதான் கடைசி எல்லை. அதற்கும் கீழே போனால் ஒரு சரளைக் கல் ஒட்டினாலே 'கிரீச்' என்று உரசும்.

ஒன்றுகூட நுழையவில்லையா? மட்கார்டை அந்த இடத்தின் வழியாகக் கொண்டு போகக் கூடாது. வேறு வழி இருக்கிறது.

இரண்டாக வெட்டு!

வேலை தெரிந்தவர்கள் செய்வது இதுதான். முன் மட்கார்டை ஃபோர்க்கின் தோள் வரும் இடத்தில் இரண்டாக வெட்டி விடுகிறார்கள். ஒரு துண்டு ஃபோர்க்குக்கு முன்னால்; மற்றது ஃபோர்க்குக்குப் பின்னால். நடுவில், இடம் இல்லாத அந்த இரண்டு விரற்கடையில், தகடே இல்லை! கொஞ்சம் தண்ணீர் அந்தச் சந்தில் ஏறத்தான் செய்யும். ஏறினால் பிரேக்கில் முட்டிக் கீழே விழும். சட்டைக்கு வராது.

இரண்டு துண்டையும் பிடிக்க ஒரு சிறு பட்டை வேண்டும். இரண்டு மில்லி மீட்டர் அலுமினியப் பட்டை போதும். பிரேக்கைப் பிடிக்கும் போல்ட்டிலேயே இந்தப் பட்டையையும் கோத்து, முன்னும் பின்னும் வளைத்து, மட்கார்டுத் துண்டுகளை அதில் முடுக்க வேண்டும். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு போட்டால் அதிர்ச்சியில் கழலாது. தகடும் பட்டையும் சேரும் இடத்தில் பழைய ட்யூப் துண்டை வாஷராக வெட்டி வையுங்கள். இல்லாவிட்டால் ஊர் முழுக்கக் 'கடகட' என்று கேட்கும். ஒரு முக்கியமான விஷயம்: அது பிரேக்கின் போல்ட். பட்டையைச் சேர்த்த பிறகு நட்டு முழுப் புரியும் பிடித்திருக்கிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்கவே கூடாது. பின் சக்கரத்திலும் பிரேக் இருக்கும் இடத்தில் இதே வெட்டு, இதே பட்டை.

மட்கார்டு டயரைவிட 8 அல்லது 10 மில்லி மீட்டர் அகலமாக இருந்தால் நல்லது. 25 டயருக்கு 35 மட்கார்டு சரி. அகலம் குறைந்தால் தண்ணீர் பக்கவாட்டில் தப்பி விடும்.

கம்பி மாட்ட ஓட்டை இல்லையே என்று கேட்கலாம். சட்டத்தைத் துளை போடாதீர்கள்! ரப்பர் உறை வைத்த வளையக் கிளிப்புகள் கிடைக்கின்றன. அதை ஃபோர்க்கின் காலில் சுற்றி முடுக்கி, அதில் கம்பியைப் பிடிக்கலாம். இரும்பு, அலுமினியச் சட்டத்துக்கு இது சரி. கார்பன் ஃபோர்க்காக இருந்தால் இதுவும் கூடாது. கார்பனை இறுக்கிப் பிடித்தால் உள்ளுக்குள்ளேயே நசுங்கும், வெளியே தெரியாது. ஒரு நாள் முறியும்போதுதான் தெரியும். கார்பன் ஃபோர்க்குக்கு ரப்பர் வாரினால் கட்டும் இலேசான மட்கார்டு இருக்கிறது. மழைக்கு மாட்டி, வெயிலுக்குக் கழற்றலாம்.

"டயரை மெலிதாக மாற்றி விட்டால் இடம் வருமே?" என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. வரும். 28 டயரைக் கழற்றி 25 போட்டால் 3 மில்லி மீட்டர் கிடைக்கும். ஆனால் மெல்லிய டயருக்குக் காற்று இறுக்கமாக வேண்டும். கிராமத்து ரோட்டின் பள்ளங்களை இடுப்புதான் எண்ண வேண்டி வரும். 3 மில்லி மீட்டருக்காக இடுப்பை விற்பது நல்ல வியாபாரம் அல்ல.

காசே வேண்டாம் என்றால், பழைய பிளாஸ்டிக் கேன் ஒன்றை எடுங்கள். நாக்குப் போல நீளமாக வெட்டுங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பிகளில் பிளாஸ்டிக் கட்டுக் கயிற்றால் கட்டுங்கள். டயருக்குப் பக்கத்தில்கூட வராது. ஆகவே இடப் பஞ்சமும் இல்லை. கால் நனையும், செயின் நனையும், ஆனால் முதுகுக் கோடு வராது. பள்ளிக்கூடப் பையனுக்கு இது போதும்.

முன் சக்கரத்தில் விளையாடாதே!

கேன் வேலை பின் பக்கத்துக்கு மட்டும்தான். முன் சக்கரத்தில் தளதளவென்று ஆடும் எதையும் கட்டக் கூடாது. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

ரோட்டில் ஒரு சுள்ளி கிடக்கிறது. முன் டயர் அதைத் தூக்குகிறது. சுள்ளி டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே சிக்குகிறது. சக்கரம் சும்மா இருக்குமா? சுள்ளியையும் இழுக்கும், மட்கார்டையும் இழுக்கும். மட்கார்டு மடிந்து ஃபோர்க்கின் தோளில் போய் அடைத்துக் கொள்கிறது. அடுத்த நொடி சக்கரம் பூட்டுப் போட்டது போல நின்று விடுகிறது. சைக்கிள் நின்றது, ஓட்டியவர் நிற்கவில்லை! கைப்பிடியைத் தாண்டித் தலை குப்புற விழுகிறார்.

இடைவெளி குறையக் குறைய இந்த ஆபத்து அதிகம். பெரிய சைக்கிளில் மட்கார்டு கனத்த இரும்பு, இடமும் தாராளம். மெல்லிய பிளாஸ்டிக்கில் அந்தக் காவல் இல்லை. அதனால்தான் முன் மட்கார்டின் கம்பி முனையில் ஒரு பிளாஸ்டிக் பிடி வைக்கிறார்கள். ஏதாவது சிக்கி மட்கார்டு இழுபட்டால், அந்தப் பிடி தானே கழன்று கொள்ளும். சக்கரம் பூட்டாது. ஜெர்மனியின் எஸ்.கே.எஸ். நிறுவனத்தாரின் முன் மட்கார்டுகளில் இப்படிப்பட்ட பிடி உண்டு. வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். கம்பி கழல்கிறதே என்று சிலர் அந்தப் பிடியைக் கட்டுக் கம்பியால் முறுக்கிக் கட்டி விடுகிறார்கள். உயிர்க் காவலுக்கு வைத்ததைக் கட்டிப் போடுகிற வேலை அது!

இன்னொன்று. சீட்டில் உட்கார்ந்து, பெடலை முன்னால் கொண்டு வந்து, கைப்பிடியை ஒரு பக்கம் திருப்பிப் பாருங்கள். கால் விரல் மட்கார்டில் இடிக்கிறதா? பந்தயச் சைக்கிளில் சில சமயம் இடிக்கும். வேகமாகப் போகும்போது கைப்பிடி அவ்வளவு திரும்பாது. சந்து முனையில் மெல்லத் திரும்பும்போதுதான் ஷூ மாட்டிக் கொண்டு ஆள் சாய்வார். இடித்தால் வேறு வழி பார்க்க வேண்டும்.

கம்பிகளை வெட்டிய முனை கத்தி போல இருக்கும். அரம் போட்டு, ரப்பர் குல்லாய் மாட்ட மறக்கக் கூடாது. சைக்கிளைத் தள்ளி வரும் பிள்ளையின் கெண்டைக் காலுக்கு நேரே அந்த முனைதான் இருக்கிறது.

சேலையும் துப்பட்டாவும்

மட்கார்டு தண்ணீரைத் தடுக்கும், துணியைத் தடுக்காது. மோட்டார் சைக்கிளில் பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடி வைக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. 'சாரி கார்டு' என்று கடையில் சொல்வது அதைத்தான். பந்தயச் சைக்கிளுக்கு அப்படி வைத்து விற்பதில்லை. பந்தயச் சைக்கிளில் செயின் கவரும் இல்லை. ஆகவே துப்பட்டாவை இடுப்பில் முடிந்து கொள்ள வேண்டும். முந்தானையைச் செருகிக் கொள்ள வேண்டும். சுரிதாரின் கால் பக்கத்தை ஒரு ரப்பர் வளையத்தால் இறுக்கினால் பல் சக்கரத்தில் போகாது. 1992-இல் பெரிய சைக்கிள் ஓட்டிய அம்மாமார் இதையெல்லாம் பேத்திகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். கேட்டால்தானே!

மழை நின்ற பிறகு

களிமண் ரோட்டில் வந்த சைக்கிளை அப்படியே நிறுத்தி வைத்தால், மட்கார்டுக்குள் ஒட்டிய மண் காய்ந்து செங்கல்லாகி விடும். மறு நாள் சக்கரம் சுற்றாது. இடைவெளி 5 மில்லி மீட்டர்தான் என்றால் சொல்லவே வேண்டாம். ஈரம் காயும் முன்னே ஒரு வாளித் தண்ணீரை உள் பக்கமாக ஊற்றி, தென்னங்குச்சியால் ஒரு சுற்று வழித்து விடுவது நல்லது. குச்சியை விடும்போது சக்கரம் சுற்றக் கூடாது. சக்கரம் சுற்றும்போது விரலை விடவே கூடாது.

ரொம்பவும் களியான வழி என்றால், அந்த ஒரு மாதத்துக்கு முன் மட்கார்டைக் கழற்றி வைப்பதே புத்திசாலித்தனம். முகத்தில் சேறு பட்டால் கழுவிக் கொள்ளலாம்.

தார் ரோட்டில் போகிறவர்கள் மட்கார்டின் கீழ் முனையில் ஒரு ரப்பர் நாக்குத் தொங்க விடலாம். முன் பக்கத்து நாக்கு ஓட்டுகிறவரின் கால்களுக்கு. பின் பக்கத்து நாக்கு அவருக்கு அல்ல. பின்னால் சைக்கிளில் வருகிறவரின் முகத்துக்கு! மழைக்குப் பெயர் போன இங்கிலாந்தில் பல சைக்கிள் சங்கங்களில் குளிர் காலத்தில் கூட்டமாகப் போகும்போது, இந்த நாக்கு இல்லாதவரை வரிசையின் கடைசிக்குப் போகச் சொல்வார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரிசையாக வரும் பிள்ளைகளுக்கும் இந்த ஏற்பாடு பொருந்தும். விலைக்கு வாங்க வேண்டியதில்லை. பஞ்சர் கடையில் பழைய லாரி ட்யூப் கிடக்கும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு கேட்டால் சும்மாவே வெட்டித் தருவார்கள். தரைக்கு நாலு விரல் மேலே நிற்கும்படி இரண்டு போல்ட் போட்டு முடுக்கினால் போதும்.